கார்போக அரிசியும் ஐந்து விரல்களும்

தீபாவளி கழிந்த பதினோராம் நாள் காலையில், அரசலூர் வங்கி மேலாளர் ஒருவரின் இடக் கன்னத்தில் நான்கு விரல்கள் முளைத்தன. சோப்புக்கு மசியாத கருநிறம். அளந்து வரைந்தாற்போன்ற விளிம்பு. வளையல் அணிந்த கைக்குரிய மெல்லிய விரல்கள். அவர் முகக்கவசம் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். பன்னிரண்டாம் நாள் ஊரில் முகக்கவசம் கிடைக்கவில்லை. பதின்மூன்றாம் நாள், ஏழை எளியோரை எல்லாம் கட்டித் தழுவுகிறவர் என்று சுவரொட்டிதோறும் சிரித்த சட்டமன்ற உறுப்பினர் மேடையேறி, சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டி, தம் உடம்பில் ஒரு கறைகூட இல்லை என்று மார்தட்டினார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. ஏன் சிரித்தது என்று அவருக்கு விளங்க இரண்டு நாள் பிடித்தது.

தொட்ட இடம் கறுத்தது. நடந்தது அவ்வளவுதான். தீபாவளியன்று அரசலூரில் யார் யாரைத் தொட்டார்கள், எங்கே தொட்டார்கள், எவ்வளவு அழுத்தித் தொட்டார்கள் என்பதையும், யாரை ஒருவருமே தொடவில்லை என்பதையும், இருநூறு பொதுக்கூட்டம் போட்டாலும் வெளிவராத இந்த உண்மைகளை எல்லாம், ஊரின் தோல் தானே துண்டறிக்கையாக அச்சிட்டுத் தெருத்தெருவாய் வழங்கிவிட்டது.

அச்சகத்தை நடத்தியவள் ரஷ்யா.

அது அவளுடைய பெயர். மூன்று தலைமுறையாகக் கடவுளை வாசலோடு திருப்பி அனுப்பிய குடும்பம் அவளுடையது. அங்கே பிள்ளை பிறந்தால் நட்சத்திரம் பார்ப்பதில்லை. உலக வரைபடத்தைப் பார்ப்பார்கள், அறிவியல் வரலாற்றைப் பார்ப்பார்கள். அவளுடைய அண்ணன் பெயர் கலிலியோ. அவன் திருச்சியில் மிக்சர் கடை வைத்திருந்தான். ரஷ்யா தாவர வேதியியல் படித்து, முப்பத்தெட்டு வயதில் அரசலூர்த் தோல் ஆய்வகத்தின் தலைவியாக உட்கார்ந்திருந்தாள். ஆண்டு இரண்டாயிரத்து நாற்பத்து நான்கு.

பதின்மூன்றாம் நாள் மாலை அவளுடைய தந்தை கொள்கைவேந்தன் ஆய்வகத்துக்குள் நுழைந்தார். எழுபது வயது; கறுப்புச் சட்டை; மேடையில் ஒலிபெருக்கி பழுதானால் அதைத் தள்ளிவைத்துவிட்டு மூன்று மணி நேரம் பேசக்கூடிய குரல். வரும்போதே சிரித்துக்கொண்டு வந்தார்.

"ஏம்மா, எம்.எல்.ஏ. ஊர்ல ஒருத்தரையும் தொடலைன்னு அவர் வாயாலேயே சொல்ல வச்சுட்டியே. நாப்பது வருஷமா நானும் தொண்டை கிழியப் பேசறேன், என்னால முடியல. எப்படிம்மா பண்ணுன?"

"நான் பண்ணலப்பா. தப்பு நடந்துபோச்சு."

"தப்பா? இந்த மாதிரித் தப்பு வருஷத்துக்கு ஒண்ணு நடக்கட்டும். சரி, எனக்குப் புரியற மாதிரிச் சொல்லு. அது என்னவோ அரிசிங்கறியே."

ரஷ்யா மேசை இழுப்பறையிலிருந்து ஒரு புட்டியை எடுத்துத் தந்தையின் உள்ளங்கையில் கவிழ்த்தாள். எள்ளைவிடச் சற்றுப் பெரிய, கறுத்த, தட்டையான விதைகள்.

"பேருதான் கார்போக அரிசி. அரிசி இல்ல, விதை. வெண்புள்ளி வந்தவங்களுக்கு இதை அரைச்சுப் பூசி வெயில்ல உக்கார வைப்பாங்க. இதுல சொராலென்னு ஒரு சரக்கு இருக்கு. தோலுக்குள்ள போய்ச் சும்மா படுத்துக்கும். வெயில் பட்டாத்தான் எந்திரிக்கும். எந்திரிச்சதும், நிறம் தர்ற செல்லு தூங்கிட்டிருக்கே, அதைத் தட்டி எழுப்பும்."

"ஆக, பழைய வைத்தியத்துல விஷயம் இருந்திருக்கு."

"விஷயம் இருந்துச்சு. அளவு இல்ல. கொஞ்சம் கூடுனாக் கொப்புளம், கொஞ்சம் குறைஞ்சா ஒண்ணுமில்ல. அதனால நான் அளவு பாக்கறதுக்கு ஒரு ஆள் போட்டேன். எல்லார் தோல்லயும் சாதுவாக் குடியிருக்கிற ஒரு பாக்டீரியா இருக்கு. இந்த விதை செய்யற வேலையை அதுக்குக் கத்துக் குடுத்தேன். தோல் மேலயே உக்காந்துக்கிட்டு, துளித்துளியா சொராலென் செஞ்சு குடுத்துக்கிட்டே இருக்கும். நாப்பத்தோரு பேருக்குப் பூசினோம். பத்தே மாசத்துல நாப்பத்தோரு பேருக்கும் நிறம் திரும்பிடுச்சு."

"அது அடுத்தவன் தோலுக்குத் தாவாதா?"

"தாவும். ஆனா பொழைக்காது. எள்ளுல ஒரு சத்து இருக்கு, அது கிடைச்சாத்தான் உயிரோட இருக்கிற மாதிரிப் பூட்டுப் போட்டு வச்சோம். நாங்க தர்ற களிம்புல மட்டும் அந்தச் சத்து இருக்கும். களிம்பை நிறுத்துனாப் பத்து நாள்ல செத்துடும். மனுசத் தோல்ல எள்ளு ஏதுப்பா?"

கொள்கைவேந்தன் விதைகளை உருட்டிக்கொண்டே அவளைப் பார்த்தார். "நல்லெண்ணெய்?"

"அதையும் யோசிச்சேன். நானூறு பேர்கிட்ட, வாரா வாரம் எண்ணெய் தேச்சுக் குளிப்பீங்களான்னு கேட்டேன். முந்நூத்துத் தொண்ணூத்தொரு பேர் இல்லைன்னுட்டாங்க. யாருக்கு இப்ப நேரமிருக்கு?"

"தீபாவளியன்னிக்கு?"

ரஷ்யா காலிப் புட்டியின் மூடியைத் திருகினாள்.

"கேக்கறேன்ல. தீபாவளியன்னிக்குக் குளிப்பீங்களான்னு கேட்டியா?"

"நம்ம வீட்ல ஏதுப்பா தீபாவளி?"

ஆண்டு முழுதும் எண்ணெயை மறந்துவிட்ட மாநிலம், அந்த ஒரு விடியலில் மட்டும் உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை நல்லெண்ணெயில் ஊறி எழுகிறது என்னும் செய்தி, பால்காரர் அறிந்தது, பள்ளிப் பிள்ளை அறிந்தது. பட்டம் மூன்று வாங்கிய ரஷ்யாவின் கேள்வித்தாள் மட்டும் அறியவில்லை. அன்றைக்கு அவள் வீட்டில் ஜன்னலை அடைத்துக்கொண்டு தூங்குவது வழக்கம். களிம்பால் நிறம் பெற்ற நாற்பத்தொருவரையும் அக்கம்பக்கத்தார் முதன்முறையாக வீட்டுக்குள் அழைத்த தீபாவளி அது. எண்ணெய் பூசிய உடம்புகள். பகலெல்லாம் கைகுலுக்கல், கட்டிப்பிடித்தல், கன்னம் கிள்ளல், காலில் விழுதல். பிறகு பத்து நாள் நல்ல வெயில்.

கொள்கைவேந்தன் நெடுநேரம் பேசாமலிருந்தார். அவரைப் பொறுத்தவரை அது ஓர் உலக சாதனை.

"மூணு தலைமுறையா ஒரு மூடப் பழக்கத்தை ஒதுக்கி வச்சோம்," என்றார் கடைசியில். "அதுக்கு இப்படி ஒரு பின்விளைவு இருக்கும்னு ஒரு கூட்டத்துலயும் யாரும் சொல்லலியேம்மா."

முதல் வாரம் ரஷ்யாவும் சிரித்தாள். சிரிப்பதற்கு ஊரில் பஞ்சமில்லை. மணமகள் தேவை விளம்பரங்களில் 'தடமற்ற' என்றொரு தகுதி புதிதாகச் சேர்ந்தது. ஒரு நகைக்கடை முதலாளியின் முதுகில், அவருடைய தம்பி கட்டிப்பிடித்து வாழ்த்திய தடத்துக்குக் கீழே, இடுப்பில் சாவிக்கொத்து செருகும் இடம் வரை நீண்ட விரல்கள் தெரிந்தன. சகோதரர்கள் தனித்தனிக் கடை வைத்துக்கொண்டார்கள்.

இரண்டாம் வாரம் சிரிப்பு நின்றது. முதியோர் இல்லம் ஒன்றுக்குத் தடங்களைப் பதிவு செய்யப் போனாள். எழுபத்திரண்டு பேர். தீபாவளிக்கு எல்லோருக்கும் எண்ணெய் கிடைத்திருந்தது, புதுத்துணி கிடைத்திருந்தது, பிள்ளைகளின் வருகையும் படம் பிடிக்கப்பட்டுச் சுவரில் மாட்டப்பட்டிருந்தது. ஒருவர் மேலும் ஒரு விரல்நுனி இல்லை. "எங்களுக்கு நோய் ஒண்ணும் வரலியே டாக்டர்," என்று ஒரு பெரியவர் மகிழ்ச்சியோடு கையை நீட்டினார். அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு சிறிது நேரம் நின்றுவிட்டு வந்தாள்.

அந்த வாரமே ஒரு பெண்ணின் மணிக்கட்டில் பெருவிரல் தடம் ஒன்று தெரிய, அவளுடைய மாமன்மார் நூலை எடுத்துக்கொண்டு பக்கத்துத் தெரு இளைஞர்களின் பெருவிரலை அளக்கக் கிளம்பினார்கள். பக்கத்துத் தெரு வேறு சாதித் தெரு. கொள்கைவேந்தன் அந்தப் பெண்ணையும், அந்தப் பெருவிரலுக்குரியவனையும் காவல் நிலையத்திலேயே நிற்க வைத்து, ஏழு நிமிடத்தில் சுயமரியாதைத் திருமணம் செய்து, கலிலியோவின் மிக்சர் கடைக்கு அனுப்பிவைத்தார். தோலில் எழுதப்படும் உண்மை, படிக்கிறவன் கையில் அரிவாள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதப்படுவதில்லை.

மூன்றாம் வாரத் தொடக்கத்தில் தாமரைச்செல்வி ஒரு தாளோடு வந்தாள். அரசுப் பள்ளி ஒன்றில் சத்துணவுச் சமையலர். முப்பத்து நான்கு வயது. நாற்பத்தொருவரில் இருபத்து மூன்றாம் எண். இரண்டு கைகளிலும் உதட்டோரத்திலும் வெண்புள்ளி படர்ந்தபோது, அது ஒட்டாத நோய் என்று மருத்துவர் எழுதித் தந்த சான்றைப் பெற்றோர் கூட்டம் படித்துப் பார்த்து, நன்றி கூறித் திருப்பித் தந்துவிட்டு, அவள் கையால் ஆக்கிய சோறு வேண்டாம் என்று தீர்மானம் போட்டது. ஆறு ஆண்டு பாத்திரம் கழுவினாள். களிம்பு பூசிய பத்தாம் மாதம் கரண்டி அவள் கைக்குத் திரும்பியிருந்தது.

"டாக்டரம்மா, இது என்னான்னு பாருங்க. ஒண்ணும் புரியல."

மாவட்ட ஆட்சியர் அலுவலக அறிவிப்பு. அரசலூர் மடம் முதல் மனுதாரர். நாற்பத்தொரு பேரையும் பத்து நாள் தனிமையில் வைத்து, களிம்பை நிறுத்தி, கிருமிநாசினியால் மும்முறை கழுவ வேண்டும் என்பது கோரிக்கை. விசாரணை வெள்ளிக்கிழமை.

"கழுவுனா என்னங்க ஆகும்?"

ரஷ்யா உண்மையைச் சொன்னாள். "பாக்டீரியா செத்துடும். நாலஞ்சு மாசத்துல வெள்ளை திரும்பி வந்துடும். மறுபடி பூச அனுமதி தர மாட்டாங்க."

தாமரைச்செல்வி தன் இரண்டு கைகளையும் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். "அப்ப மறுபடி பாத்திரமாங்க?"

"நான் இருக்கேன்ல."

"நீங்க இருக்கீங்க, டாக்டரம்மா. எதிர்ல மடமுல்ல இருக்கு."

மடத்துக்கு என்ன கோபம் என்பதை ஊரே அறிந்திருந்தது. அரசலூர்ச் சந்நிதானத்தை, ஒன்பது வயதில் பட்டமேற்ற நாள் முதல் எவரும் தீண்டியதில்லை. எண்ணெயைத் தாமே தேய்த்துக்கொள்வார். சோறு தூரத்தில் வைக்கப்படும். அடியார்கள் பத்தடி தள்ளி விழுந்து எழுவார்கள். அப்படிப்பட்ட திருமேனியின் முதுகில், இடத் தோளுக்குக் கீழே, ஒரு முழுக் கை, ஐந்து விரலோடும் உள்ளங்கையோடும், கறுகறுவென்று பதிந்திருந்தது. மடத்தில் சனிதோறும் எண்ணெய் முழுக்கு உண்டு. நாள்தோறும் வெற்றுடம்போடு வெயிலில் வழிபாடும் உண்டு. கார்போகப் பாக்டீரியாவுக்கு இதைவிட வசதியான வீடு அமையாது. அந்தத் தடத்திலிருந்து அரசு ஆய்வகம் எடுத்த மாதிரியில் ஒரு முத்திரை இருந்தது. யாரிடமிருந்து கிளம்பிய பாக்டீரியா என்று பின்னால் தெரிய வேண்டும் என்பதற்காக, ஒவ்வொருவருக்கும் பூசியதில் ரஷ்யா தனித்தனி முத்திரை வைத்திருந்தாள். சந்நிதானத்தின் முதுகிலிருந்தது இருபத்து மூன்று.

வெள்ளிக்கிழமை பகல் பதினொரு மணி. ஆட்சியர் அலுவலகக் கூட்ட அறைக்கு மடத்திலிருந்து தனி நாற்காலி வந்தது. அதைச் சுற்றி நான்கடி வெற்றிடமும் கூடவே வந்தது. அதில் சந்நிதானம் அமர்ந்தார். காவிப் போர்வை கழுத்துவரை, முப்பத்தெட்டு வயது, முகத்தில் எதையும் கேட்டுப் பழகாத அமைதி. பக்கத்தில் மடத்துக் காரியஸ்தர் சிவச்சிதம்பரம் நின்றார். ஆறடி உருவம், கழுத்தில் உருத்திராக்கம், கோயில் மணியை ஒத்த குரல். சுவரோரப் பலகையில் சிகிச்சை பெற்றவர்கள். கடைசி வரிசையில், பேசக்கூடாது என்ற நிபந்தனையோடு அனுமதிக்கப்பட்ட கொள்கைவேந்தன், அந்த நிபந்தனையின் வேதனையோடு.

ஆட்சியர் பெனடிக்டா மனுவைப் புரட்டினார். "சொல்லுங்க."

"மேடம், இருபத்தொன்பது வருஷமா ஒருத்தர் கை படாத திருமேனி," என்று தொடங்கினார் சிவச்சிதம்பரம். "தீட்டுன்னு நாங்க சொல்லல. சட்டம் தெரியும். மரபுன்னு சொல்றோம். தொட்டது யாருன்னு எங்களுக்குத் தெரியணும். அப்புறம் இந்தக் கிருமியை வேரோட கழுவணும்."

"கிருமியா, ஆளா? எதை முதல்ல கழுவணும்?"

"மேடம் வேடிக்கையா பேசறீங்க."

"இல்லீங்க, மனுவுல ரெண்டும் ஒரே பத்தியில இருக்கு. அதான் கேட்டேன். டாக்டர், நீங்க?"

ரஷ்யா எழுந்தாள். "எண்ணெய் தேய்க்காதவங்க மேல இது எப்பவோ செத்துப்போச்சு. கறுப்பு மூணு மாசத்துல தானா மறைஞ்சுடும். இவங்களைக் கழுவறதால ஊருக்கு ஒண்ணும் வரப்போறதில்ல. களிம்புல எள்ளை எடுத்துட்டு நம்ம ஊர்ல யாரும் பூசிக்காத ஒண்ணை வைக்கிறேன். அதுக்கு மூணு மாசம் அவகாசம் கேக்கறேன். தப்பு என்னோடது. தீபாவளியை நான் மறந்துட்டேன்."

"தீபாவளியை மறந்தீங்களா?"

"எங்க வீட்ல வராதுங்க."

கடைசி வரிசையில் ஓர் இருமல் கேட்டது.

சிவச்சிதம்பரம் கையை உயர்த்தினார். "அதெல்லாம் இருக்கட்டும். இருபத்து மூணு யாரு?"

"சொல்ல மாட்டேன்."

"ஏன்?"

"நோயாளி பேரு. உங்ககிட்ட மட்டுமில்ல, ஆட்சியர் கேட்டாலும் நீதிமன்றத்துக்குப் போவேனே தவிரச் சொல்ல மாட்டேன்."

"சொல்லாட்டா மொத்தப் பேரையும் சந்தேகப்படறதைத் தவிர எங்களுக்கு வேற வழியில்ல."

சுவரோரப் பலகை கிரீச்சிட்டது. தாமரைச்செல்வி எழுந்து நின்றிருந்தாள். ரஷ்யா வேண்டாம் என்று கண்ணைக் காட்டினாள். அவள் அந்தப் பக்கமே பார்க்கவில்லை.

"இருபத்து மூணு நான்தாங்க. ஆனா நான் சாமியைத் தொடலீங்க."

"ஆய்வகம் பொய் சொல்லுதா?" என்றார் சிவச்சிதம்பரம்.

"அது எனக்குத் தெரியாதுங்க. தீபாவளியன்னிக்கு விடிகாலம் எண்ணெய் தேச்சுக்கிட்டுப் படித்துறைக்குப் போனேன். கீழ்ப்படியில எறங்கறப்ப மேல சாமி வர்ற சங்கு ஊதுச்சு. இந்த ஐயாதான் ஓடியாந்து, வழியில நிக்காதேன்னு என் கையைப் புடிச்சு ஓரமாத் தள்ளிவுட்டாரு. நான் முள்ளுல விழுந்தேன். அவ்வளவுதாங்க எனக்குத் தெரியும்."

"பொய். இந்தம்மாவை நான் தொடுவேனா?"

"தள்ளணும்னாத் தொடத்தானேங்க வேணும்," என்றாள் தாமரைச்செல்வி. அதில் குறும்பு ஏதும் இல்லை. வேறு எப்படித் தள்ள முடியும் என்று அவள் உண்மையிலேயே யோசித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

அப்போது சந்நிதானம் வாய் திறந்தார். அந்தக் குரலை ஊரில் பலர் கேட்டதே இல்லை. மெலிந்த, சற்றுக் கரகரத்த குரல்.

"அன்னிக்குப் படியில எனக்குக் கால் வழுக்குச்சு. உடம்பெல்லாம் எண்ணெய். பின்னால இருந்து ஒரு கை புடிச்சுது. திரும்பிப் பார்த்தா எல்லாரும் பத்தடி தள்ளிக் கும்புட்டுக்கிட்டு நிக்கறாங்க." தாமரைச்செல்வியின் பக்கம் திரும்பினார். "அம்மா, இப்படி வாங்க. உங்க கையை இதுல வச்சுப் பாருங்க."

போர்வை சரிந்தது.

"சந்நிதானம் அனுமதிக்கக் கூடாது," என்று பதறினார் சிவச்சிதம்பரம். "மரபு..."

"நீங்க சும்மா இருங்க."

தாமரைச்செல்வி கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். நான்கடி வெற்றிடத்தின் விளிம்பில் ஒருமுறை தயங்கினாள். பிறகு, அடுப்படியில் கொதிக்கும் பானையைத் தாண்டும் கவனத்தோடு அதைத் தாண்டி, அந்த முதுகில் தன் வலக் கையை வைத்தாள்.

அவளுடைய கை அந்தத் தடத்துக்குள் காணாமற்போனது. விரல்கள் ஒரு கணு குறைந்து நின்றன. உள்ளங்கையைச் சுற்றி ஒரு விரற்கடை கறுப்பு மிஞ்சியது. ரஷ்யா குனிந்து பார்த்தாள். மோதிர விரலின் தடம் நடுவில் அறுந்திருந்தது. அகலமான மோதிரம் ஒன்று மறைத்த இடம் மட்டும் கறுக்காமல், வெளிர்ந்த பட்டையாக இருந்தது.

"ஐயா," என்றாள் ரஷ்யா, "உங்க வலது கையைக் கொஞ்சம் காட்டறீங்களா?"

சிவச்சிதம்பரத்தின் வலக் கை ஏற்கெனவே முதுகுக்குப் பின்னால் போயிருந்தது. "என் கையில ஒரு கறுப்பும் இல்ல."

"உள்ளங்கைத் தோல் தடிப்பு. அங்க கறுக்காது. மோதிரம் எந்த விரல்ல?"

அவர் ஆட்சியரைப் பார்த்தார், சந்நிதானத்தைப் பார்த்தார், தாம் எழுதிய மனுவைப் பார்த்தார். அந்த ஆறடி உருவம் மெல்லச் சுருங்கியது.

"தலை படியில மோதியிருக்கும், சாமி," என்றார். மணி போன்ற குரல் இப்போது தகரம் போல் ஒலித்தது. "யோசிக்க நேரமில்ல. கை தானாப் போயிடுச்சு. மன்னிச்சுக்கணும். பரிகாரம் செய்யத் தயாரா இருக்கேன். வேணும்னு தொடல."

தள்ளியதற்கு அவர் மன்னிப்புக் கேட்கவில்லை, தாங்கியதற்குக் கேட்டார். ஓர் உயிரைக் காப்பாற்றிய குற்றத்தை இருபத்தைந்து நாள் நெஞ்சுக்குள் புதைத்து, அதை மறைக்க நாற்பத்தொரு பேரைக் கழுவ மனு எழுதிய அந்த மனிதரை ரஷ்யா பார்த்தாள். எத்தனையோ மேடைகளில் அவள் தந்தை கிழித்துப் போட்ட எதிரி இவர்தான். நேரில் பார்க்கும்போது, முழங்காலில் வலி உள்ள, பயந்த, அறுபது வயதுக்காரராக இருந்தார். அவள் கோபம் அதனால் குறையவில்லை. ஆனால் அதை எங்கே வைப்பது என்று தெரியாமற்போயிற்று.

தாமரைச்செல்வி இன்னும் கையை எடுக்கவில்லை. எடுக்கச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. சந்நிதானம் கண்களை மூடியிருந்தார்.

"முதல் மனுதாரர் நீங்க," என்றார் ஆட்சியர். "மனுவை என்ன செய்யணும்?"

"திரும்ப எடுத்துக்கறேன்," என்றார் அவர், கண்ணைத் திறக்காமலே. "இவங்களைக் கழுவ வேண்டாம்."

முதல் மனு போனதும், அதன் நிழலில் ஒதுங்கிய மற்ற மனுக்கள் ஒவ்வொன்றாக எழுந்து நடையைக் கட்டின. ஆட்சியர் மூன்று மாத அவகாசம் எழுதிக் கையெழுத்திட்டார். அறை கலைந்தது. பேசத் தடை நீங்கிய கொள்கைவேந்தன், சிவச்சிதம்பரத்தை நோக்கி மூன்று நாளைக்குப் போதுமான சொற்களோடு விரைந்தவர், பக்கத்தில் போனதும் அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு, "உக்காருங்க ஐயா, தண்ணி குடிங்க," என்று மட்டும் சொன்னார்.

ரஷ்யா தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் காவி தெரிந்தது. சந்நிதானம் தனியாக நின்றார். நான்கடி வெற்றிடத்தை நாற்காலியோடு விட்டுவிட்டு வந்திருந்தார்.

"டாக்டர், இது எத்தனை நாள்ல போகும்?"

"எண்ணெய்க் குளியலை நிறுத்திடுங்க, ஐயா. மூணு மாசத்துல சுவடு இல்லாமப் போயிடும். சீக்கிரம் போகணும்னா வெயில்ல நிக்காதீங்க."

"போகாம இருக்கணும்னா?"

அவள் நிமிர்ந்தாள்.

"சின்ன வயசுல அம்மா கையை விட்டுட்டு வந்தேன்," என்றார் அவர். "அதுக்கப்புறம் ரெண்டு கை. ஒண்ணு தள்ளின கை. இன்னொண்ணு, அதால தள்ளப்பட்ட கை. ரெண்டும் ஒரே சூடாத்தான் இருந்துது. எது உசத்தின்னு பாக்கற வசதி எனக்கு இல்ல, டாக்டர். களிம்பு பூசுனா இது நிக்குமா?"

மேடைத் தமிழில் வளர்ந்த குடும்பத்துப் பெண்ணுக்குச் சட்டம்தான் நினைவுக்கு வந்தது.

"சிகிச்சைப் பதிவுல பேர் இல்லாதவங்களுக்குக் களிம்பு தரக் கூடாது, ஐயா. விண்ணப்பம் இருக்கு. நாப்பத்திரண்டாவது எண். உண்மையை மட்டும் எழுதணும்."

தாளையும் பேனாவையும் நீட்டினாள். அவர் அதை வாங்கும்போது விரல்கள் பட்டன, இருவருமே விலகவில்லை. சன்னலோர மேசையில் நின்றபடியே எழுதினார். பெயர் என்ற இடத்தில், பட்டங்கள் பன்னிரண்டையும் விட்டுவிட்டு, பட்டமேற்பதற்கு முன் இருந்த ஒரு பெயரை எழுதினார். தோலில் உள்ள குறை என்ன என்ற கேள்வியில் பேனா நெடுநேரம் நின்றது. அதை வெற்றாக விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனார்.

இக்குறை எத்தனை ஆண்டுகளாக உள்ளது என்று அந்த வரி கேட்டது. யோசிக்காமல் எழுதினார்: இருபத்தொன்பது.